ரசனையில் சமூகப் பின்னணியின் பங்கைக் கண்டறிய ஒரு சிறு கள ஆய்வு: செய்முறை வழிகாட்டி

எந்த இசையைக் கேட்பது, வீட்டுச் சுவரில் எதை மாட்டுவது, எந்தச் செலவைத் தயங்காமல் செய்வது, எதை வீண் என்று ஒதுக்குவது என்பதெல்லாம் அவரவர் சொந்த விருப்பமாகவே நமக்குத் தோன்றுகிறது. தனி மனிதரைப் பார்க்கும்போது அது உண்மையும்கூட. ஆனால் சில நூறு பேரின் விருப்பங்களை, அவர்களுடைய பெற்றோரின் படிப்பு, தொழில் ஆகியவற்றோடு சேர்த்து அடுக்கினால், அவற்றில் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். அந்த ஒழுங்கை நேர்மையாக அளப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. பட்ட ஆய்வேடு எழுதுபவர்களும், நூலகம், அருங்காட்சியகம், கலையரங்கம் போன்றவற்றில் தங்களிடம் வருபவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் கையாளக்கூடிய அளவில், 30 நேர்காணல்கள் அல்லது 200 வினாத்தாள்கள் கொண்ட ஆய்வை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வியைச் சுருக்குங்கள்

‘சமூகப் பின்னணி ரசனையைத் தீர்மானிக்கிறதா?’ என்ற கேள்விக்கு எந்த ஆய்வாலும் பதில் சொல்ல முடியாது. ஒரு துறை, பின்னணியின் ஒரு கூறு, ஒரு மக்கள் குழு என்று மூன்றையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். உதாரணமாக: ‘வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள், பட்டதாரிப் பெற்றோருக்குப் பிறந்த பட்டதாரிகளைப் போலவே வாசிக்கிறார்களா?’ இந்தக் கேள்வியில் துறை வாசிப்பு, கூறு பெற்றோரின் கல்வி, குழு பட்டதாரிகள். சொந்தப் படிப்பு இரு தரப்பிலும் ஒன்று என்பதால், மிஞ்சும் வேறுபாட்டில் வளர்ந்த வீட்டின் பங்கு எவ்வளவு என்று தேட முடியும்.

ஒரே பழக்கத்துக்கு நான்கு விதமான விளக்கங்கள் போட்டி போடும் என்பதை நினைவில் வையுங்கள்: பணம், பள்ளி, பிறந்த வீடு, இன்றைய நட்பு வட்டம். வருமானம் உயர உயர, மொத்தச் செலவில் உணவின் பங்கு குறைகிறது என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் காட்டினார். அது பணத்தின் கதை. பிறர் பார்க்கவே செய்யப்படும் செலவு ஒன்று உண்டு என்று அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்ளன் 1899இல் வாதிட்டார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1960களில் நடத்திய கணக்கெடுப்புகளின் அடிப்படையில் 1979இல் எழுதியபோது, வீட்டிலும் பள்ளியிலும் ஊறிய ‘பண்பாட்டு மூலதனம்’ பணத்துக்கு இணையான தனிச் செல்வம் என்றார். 1990களில் ரிச்சர்ட் பீட்டர்சனும் உடன் ஆய்ந்தவர்களும் அமெரிக்கத் தரவுகளில் வேறொன்றைக் கண்டார்கள்: மேல்தட்டினர் ‘உயர்ந்த’ கலையோடு நின்றுவிடுவதில்லை, எல்லா வகையையும் கொஞ்சம் கொஞ்சம் ரசிக்கிறார்கள். உங்கள் வினாத்தாள் இந்த விளக்கங்களைப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும். வருமானத்தை மட்டும் கேட்டுவிட்டு ரசனையை விளக்க முயல்வதுதான் புதியவர்களின் ஆய்வுகளில் அதிகம் காணும் கோளாறு. பிற மூன்றையும் அளக்காதபோது அவற்றின் விளைவெல்லாம் வருமானத்தின் கணக்கில் ஏறிவிடும்.

பின்னணியை அளப்பது

பெற்றோரின் தொழிலைக் கேட்கும்போது காலத்தைக் குறிப்பிடுங்கள்: ‘உங்களுக்கு 14 வயது இருக்கும்போது அப்பா என்ன வேலை செய்தார்? அம்மா?’ வயதைச் சொல்லாமல் கேட்டால் சிலர் பெற்றோரின் கடைசி வேலையையும், சிலர் சிறந்த வேலையையும் சொல்வார்கள். இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். தாயின் கல்வியை விட்டுவிட்டால் பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கத்தை விளக்கும் வலுவான தகவல் ஒன்று கைநழுவிப் போகும். வேலையின் பெயரோடு நிறுத்தாமல் மூன்று துணைக்கேள்விகள் தேவை: அந்த வேலையில் தினமும் என்ன செய்வார், அவருக்குக் கீழே எத்தனை பேர், சொந்தத் தொழிலா கூலியா. ‘வியாபாரம்’ என்ற ஒரே சொல் தெருவோரத் தள்ளுவண்டியையும் குறிக்கும், நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்தையும் குறிக்கும். பிறகு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் உள்ள 10 பெரும்பிரிவுகளில் அதைப் பொருத்துங்கள். 200 பேர் ஆய்வில் அந்தப் பத்தையும் மூன்று அல்லது நான்காக மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். ஆனால் பதியும்போது விரிவாகப் பதிந்து, கணக்கிடும்போது சுருக்குங்கள். சுருக்கிப் பதிந்ததைப் பின்னால் விரிக்க முடியாது.

கல்விக்கு ‘படித்தவர், படிக்காதவர்’ என்ற பிரிவு போதாது. முடித்த மிக உயர்ந்த வகுப்பு அல்லது பட்டம் எது என்று கேளுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு தலைமுறையில் பள்ளி இறுதி வகுப்பை முடிப்பதே அரிதாக இருந்திருக்கும், அடுத்த தலைமுறையில் அது சாதாரணமாகியிருக்கும். 60 வயதுக்காரரின் பெற்றோர் பெற்ற பள்ளிச் சான்றிதழும் 25 வயதுக்காரரின் பெற்றோர் பெற்ற அதே சான்றிதழும் சமூகத்தில் ஒரே மதிப்புடையவை அல்ல. எனவே பதிலளித்தவர்களைப் பிறந்த பத்தாண்டு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெற்றோரின் கல்வி மேல் மூன்றில் ஒரு பங்கா, நடுவா, கீழா என்று தரம் கொடுங்கள்.

வீட்டுச் சூழலை அறிய எளிய கேள்வி, சிறுவயதில் வீட்டில் ஏறத்தாழ எத்தனை புத்தகங்கள் இருந்தன என்பது. 0–10, 11–25, 26–100, 101–200, 200க்கு மேல் என்று கட்டங்கள் கொடுங்கள். பாடப்புத்தகங்களைச் சேர்க்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதோடு, யாராவது படித்துக் காட்டினார்களா, இசைக்கருவியோ நடனமோ கற்றுக்கொடுத்தார்களா, வீட்டில் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தால் போதும்.

வருமானத்தைக் குடும்ப அளவால் சரிசெய்யாமல் ஒப்பிடாதீர்கள். நடைமுறையில் உள்ள அளவுகோல் இது: முதல் பெரியவருக்கு 1, 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3. இரு பெரியவர்களும் இரண்டு சிறு குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு 2.1. குடும்ப வருமானத்தை அந்த எண்ணால் வகுங்கள். வருமானத்தைத் துல்லியத் தொகையாகக் கேட்டால் பலர் பதில் தர மாட்டார்கள். ஆறு அல்லது ஏழு வருமான வரம்புகள் அச்சிட்ட அட்டையைக் காட்டி எழுத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

நட்பு வட்டத்துக்கு, உயர்ந்தது முதல் தாழ்ந்தது வரை சமூக மதிப்பு பெற்ற 12 தொழில்களைப் பட்டியலிட்டு, ‘இவற்றில் எந்தெந்த வேலை செய்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரியும்?’ என்று கேளுங்கள். ஒருவருக்குத் தெரிந்த தொழில்களின் எண்ணிக்கை, அவற்றில் மிக உயர்ந்தது எது, மிக மேலே உள்ளதற்கும் மிகக் கீழே உள்ளதற்கும் எவ்வளவு இடைவெளி என்ற மூன்று எண்களும் பயன்படும். பல வகை இசையைக் கேட்பவர்களுக்குப் பல வகை மனிதர்களைத் தெரியுமா என்பதை இதைக் கொண்டுதான் சோதிக்க முடியும்.

சாதி, மதம், இனம், இடம்பெயர்வு, பாலினம் ஆகியவை ஆய்வு நடக்கும் சமூகத்தைப் பொறுத்துக் கட்டாயம் இடம்பெற வேண்டியவை. அவற்றை வர்க்கத்துக்குள் கரைத்துவிடாமல் தனித்தனியாகப் பதியுங்கள்.

இந்தப் பகுதி முழுவதையும் வினாத்தாளின் கடைசியில் வையுங்கள். ‘அப்பா என்ன வேலை?’ என்று தொடங்கினால், அடுத்து வரும் ரசனைக் கேள்விகளுக்குத் தன் நிலைக்குத் தகுந்ததாகத் தோன்றும் பதிலை ஒருவர் தேடத் தொடங்கிவிடுவார்.

ரசனையைக் கேட்கும் விதம்

‘உங்களுக்கு என்ன பிடிக்கும்?’ என்ற நேர்க்கேள்வி பலன் தராது. மதிப்பு மிகுந்ததாகக் கருதப்படும் பதிலைச் சொல்லும் அழுத்தம் எல்லோருக்கும் இருக்கிறது. படித்தவர்களுக்கு எந்தப் பதில் மதிப்புடையது என்று தெரியும் என்பதால், இந்த அழுத்தமே கல்வியோடு சேர்ந்து ஏறி, இல்லாத தொடர்பை இருப்பதுபோலக் காட்டும்.

ஆகவே விருப்பத்தைவிட நடத்தையைக் கேளுங்கள், அதற்கு எல்லை போட்டுக் கேளுங்கள். ‘வழக்கமாக’, ‘அடிக்கடி’ என்ற சொற்கள் வேண்டாம். ‘கடந்த 7 நாட்களில் எதைக் கேட்டீர்கள்?’, ‘கடந்த 12 மாதங்களில் கண்காட்சிக்குப் போனீர்களா? எத்தனை முறை? கடைசியாகப் போனது எது? யாரோடு?’ என்று இறங்குங்கள். கடைசி இரண்டு துணைக்கேள்விகளுக்குப் பதில் வராவிட்டால், முதல் பதிலை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாளர்களையோ இசைக்கலைஞர்களையோ பட்டியல் கொடுத்துத் தெரியுமா என்று கேட்பதானால், 20 பெயர்களில் 4 பெயர்களைக் கற்பனையாகச் சேருங்கள். கற்பனைப் பெயரைத் ‘தெரியும்’ என்று குறித்தால் ஒரு மதிப்பெண் கழியுங்கள். வாசிப்பு ஆய்வுகளில் 1980களின் இறுதியிலிருந்து இருக்கும் இந்த உத்தி, மிகைப்படுத்திச் சொல்வதைப் பெருமளவு வடிகட்டுகிறது.

அடுத்தது மிக முக்கியமானது. பிடித்தவற்றைக் கேட்கும் அளவுக்குப் பிடிக்காதவற்றையும் கேளுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ‘மிகவும் பிடிக்கும்’ முதல் ‘சுத்தமாகப் பிடிக்காது’ வரை ஐந்து படிகள் கொடுத்து, ‘இதைப் பற்றி எனக்குத் தெரியாது’ என்ற ஆறாவது கட்டத்தையும் தனியே வையுங்கள். அறியாமையும் வெறுப்பும் ஒன்றல்ல. அந்த ஆறாவது கட்டம் இல்லாவிட்டால் தெரியாதவர்கள் நடுப்படியில் குவிந்து கணக்கைக் குழப்புவார்கள். அமெரிக்கப் பொதுச் சமூகக் கணக்கெடுப்பு 1993இல் 18 இசை வகைகளைப் பற்றிக் கேட்டது. அந்தத் தரவை ஆராய்ந்த பெத்தனி பிரைசன், அதிகம் படித்தவர்கள் குறைவான வகைகளையே வெறுக்கிறார்கள் என்பதோடு, அவர்கள் வெறுக்கும் அந்தச் சிலவும் பெரும்பாலும் குறைந்த கல்வி பெற்றவர்கள் விரும்பும் வகைகள்தான் என்பதையும் கண்டார். விருப்பங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் ‘படித்தவர்கள் பரந்த மனத்தினர்’ என்ற பாதி முடிவோடு ஆய்வு நின்றிருக்கும்.

ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு விதமாக நுகரலாம். எதை என்பதைவிட எப்படி என்பதில்தான் பின்னணி ஆழமாகப் பதிந்திருக்கிறது. இதை வெளிக்கொணர இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன.

முதலாவது, அண்மையில் பார்த்த ஒரு திரைப்படத்தைப் பற்றித் தடையின்றி மூன்று நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்வது. நடிகர், கதை, அது சொல்லும் நீதி, தன் வாழ்க்கையோடு உள்ள ஒற்றுமை ஆகியவற்றைப் பேசுகிறாரா, இயக்குநர், ஒளிப்பதிவு, கட்டமைப்பு, பிற படங்களோடு ஒப்பீடு ஆகியவற்றைப் பேசுகிறாரா என்று பிறகு குறியிடுங்கள். எது உயர்ந்த பேச்சு என்று தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலையல்ல. இரண்டும் வெவ்வேறு பயிற்சியின் விளைவுகள்.

இரண்டாவது, பூர்தியூவின் வினாத்தாளிலிருந்து வந்தது. சூரிய அஸ்தமனம், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய், முட்டைக்கோஸ், கயிறு, மரப்பட்டை, கார் விபத்து போன்றவற்றைச் சொல்லி, இவற்றைப் படமெடுத்தால் அது அழகான படமாகுமா, சுவாரசியமானதாகுமா, பொருளற்றதாகுமா, அசிங்கமாகுமா என்று அவர் கேட்டார். யாருக்கும் இதில் ‘சரியான’ பதில் முன்கூட்டித் தெரியாது. அஸ்தமனத்தை அழகு என்று சொல்லப் பயிற்சி தேவையில்லை. மரப்பட்டையிலும் முட்டைக்கோஸிலும் அழகான படத்தைக் காண்பதற்கு, பொருளின் பயனை மறந்து வடிவத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் கிடைத்த ஓய்வான காலத்தில்தான் உருவாகிறது என்பது அவர் வாதம். உங்கள் ஆய்வுக்கு 8 முதல் 10 பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். பாதி எல்லோருக்கும் அழகாகத் தோன்றக்கூடியவை, மீதி அன்றாடப் புழக்கத்தில் உள்ள சாதாரணப் பொருள்கள் என்று கலந்து, ஒவ்வொருவரிடமும் வரிசையை மாற்றிக் கேளுங்கள்.

கடைசியாக, போகாதவர்களிடம் காரணம் கேளுங்கள். தொலைவு, நேரம், பணம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை, உடல்நிலை, ‘அது எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை’ என்ற உணர்வு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதியுங்கள். வசதியின்மையை ரசனையின்மை என்று எழுதுவது மக்களுக்கு இழைக்கும் அநியாயம்.

யாரைக் கேட்பது

இணையத்தில் படிவத்தைப் பரப்பிவிட்டு வந்தவரை ஏற்றுக்கொண்டால், ஆய்வு தொடக்கத்திலேயே சாய்ந்துவிடும். பண்பாட்டில் ஆர்வம் உள்ளவர்கள்தான் பண்பாட்டைப் பற்றிய படிவத்தை நிரப்புகிறார்கள். பிபிசி 2011இல் பிரிட்டனில் தொடங்கிய வர்க்கக் கணக்கெடுப்பில் 1,60,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஆனால் அவர்களில் படித்த, வசதியான பிரிவினர் மிக அதிகமாக இருந்ததால், 1,026 பேரை நேரில் சந்தித்த தனிக் கணக்கெடுப்பு ஒன்றையும் சேர்த்துத்தான் 2013இல் முடிவுகளை வெளியிட முடிந்தது. எண்ணிக்கை பெருகினாலும் சாய்வு நேராகாது.

30 நேர்காணல்கள் செய்வதானால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: பெற்றோரின் கல்வி (உயர்ந்தது, தாழ்ந்தது) × சொந்தக் கல்வி (உயர்ந்தது, தாழ்ந்தது) என நான்கு அறைகள், அறைக்கு 7 அல்லது 8 பேர். படித்த பெற்றோருக்குப் பிறந்து அதிகம் படிக்காதவர்களைக் கண்டுபிடிப்பது கடினம். அந்த அறையை முதலில் நிரப்பத் தொடங்குங்கள். வீடும் பள்ளியும் எதிரெதிர் திசையில் இழுக்கும் இரு அறைகள்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதிலைத் தரும்.

நேர்காணல் 60 முதல் 75 நிமிடம். முடிந்தவரை அவர் வீட்டில் நடத்துங்கள். அனுமதி பெற்று வரவேற்பறையைக் கவனியுங்கள்: சுவரில் என்ன, விருந்தினர் கண்ணில் படும்படி வைத்தது எது, உள்ளே ஒதுக்கியது எது, பரிசாக வந்தது எது, தேர்ந்து வாங்கியது எது. எந்த வினாத்தாளையும் முதலில் 8 முதல் 10 பேரிடம் சோதித்து, தயங்கிய இடங்களைத் திருத்திய பிறகே களத்தில் இறக்குங்கள்.

செலவுக் குறிப்பேடு

நுகர்வை நினைவிலிருந்து கேட்டால் சிறு செலவுகள் மறையும். 14 நாள் குறிப்பேடு கொடுங்கள். தேதி, பொருள், தொகை, யாருக்காக, எங்கே வாங்கியது என்ற ஐந்து பத்திகள் போதும். இரண்டாவது வாரத்தில் சலிப்பால் பதிவுகள் குறையும் என்பதால் 4, 8, 11ஆம் நாட்களில் தொடர்புகொண்டு நினைவூட்டுங்கள். நாற்காலி, தொலைபேசி, பயணம் போன்ற பெரிய செலவுகள் 14 நாளில் சிக்காது. அவற்றைக் கடந்த 12 மாதங்களுக்குத் தனியாகக் கேளுங்கள். ஒப்பிடும்போது தொகையை ஒப்பிடாமல் மொத்தச் செலவில் எத்தனை சதவீதம் என்பதை ஒப்பிடுங்கள்.

கணக்கிடுவது

விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். 200 பேர். பட்டதாரிப் பெற்றோருக்குப் பிறந்த 80 பேரில் 48 பேர் கடந்த ஆண்டு ஒரு கண்காட்சிக்காவது போயிருக்கிறார்கள், அதாவது 60 சதவீதம். மற்ற 120 பேரில் போனவர்கள் 36, அதாவது 30 சதவீதம். சதவீதத்தை எப்போதும் பின்னணிப் பிரிவுக்குள் கணக்கிடுங்கள். ‘போனவர்களில் எத்தனை பேர் பட்டதாரி வீட்டுப் பிள்ளைகள்’ என்று திருப்பிக் கணக்கிட்டால், பிரிவுகளின் அளவு வேறுபாடு முடிவை மாற்றிவிடும்.

இப்போது சொந்தக் கல்வியால் பிரியுங்கள். பட்டம் பெற்றவர்களுக்குள், பட்டதாரிப் பெற்றோர் உள்ள 64 பேரில் போனவர்கள் 42 (66 சதவீதம்), மற்ற 40 பேரில் 22 (55 சதவீதம்). பட்டம் பெறாதவர்களுக்குள், பட்டதாரிப் பெற்றோர் உள்ள 16 பேரில் 6 (38 சதவீதம்), மற்ற 80 பேரில் 14 (18 சதவீதம்). முதலில் 30 புள்ளியாக இருந்த இடைவெளி, பட்டதாரிகளுக்குள் 11ஆகக் குறைந்துவிட்டது. பெற்றோரின் செல்வாக்கில் கணிசமான பகுதி, பிள்ளைகளைப் படிக்கவைத்ததன் வழியாக வருகிறது, ஒரு பகுதி நேராக வீட்டிலிருந்தே வருகிறது என்று இதை வாசிக்க வேண்டும். ‘இடைவெளி குறைந்ததால் வீட்டுக்குப் பங்கில்லை’ என்று எழுதுவது தவறு. 16 பேர் உள்ள அறையில் ஒரே ஒருவர் மாறினாலும் சதவீதம் 6 புள்ளி நகரும். அதனால் அந்த 20 புள்ளி இடைவெளியைப் பெரிதாகப் பேசக் கூடாது. தற்செயல் முறையில் தேர்ந்த 200 பேருக்கே சதவீதத்தின் பிழை எல்லை, அதாவது உண்மை அளவு இருபுறமும் விலகியிருக்கக்கூடிய தூரம், ஏறத்தாழ 7 புள்ளி. 80 பேருக்கு 11.

பல துறைகளின் ரசனைகளை ஒரே வரைபடத்தில் காண விரும்பினால் பன்முக ஒத்திசைவுப் பகுப்பாய்வு (ஒரே மாதிரி பதில் சொன்னவர்களை அருகருகேயும் வேறு மாதிரி சொன்னவர்களைத் தொலைவிலும் காட்டும் புள்ளியியல் முறை) உதவும். ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஃபேக்டோமைன்ஆர் (FactoMineR) என்ற தொகுப்பு இதை இலவசமாகச் செய்கிறது. வரைபடத்தை ரசனைக் கேள்விகளால் மட்டும் உருவாக்குங்கள். கல்வி, வருமானம், பெற்றோரின் தொழில் ஆகியவற்றை, வரைபடத்தை உருவாக்குவதில் பங்கேற்காத துணைமாறிகளாகப் பின்னர் அதன்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டையும் கலந்து உருவாக்கினால், நீங்கள் நிரூபிக்க வேண்டியதை முன்பே உள்ளே நுழைத்ததாகிவிடும். 5 சதவீதத்துக்கும் குறைவானோர் தேர்ந்த பதில்களைப் பக்கத்துப் பதிலோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சிலரே ஓர் அச்சை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நேர்காணல்களைக் குறியிட இருவர் தேவை. ஐந்தில் ஒரு பங்கை இருவரும் தனித்தனியே குறியிட்டு, கோஹன் கப்பா அளவு (தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டு இருவரின் குறியீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; முழுப் பொருத்தம் 1) 0.7க்குக் குறைந்தால் குறியீட்டு விதிகளை மாற்றி எழுதுங்கள்.

ஒரே மனிதருக்குள் இருக்கும் வேறுபாடு

குழுச் சராசரியோடு நின்றால் மனிதர்கள் காணாமல் போவார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பெர்னார் லாயிர் 2004இல் காட்டியது போல, பெரும்பாலானோரின் ரசனை கலவையானது. கடினமான நாவல் வாசிப்பவர் தொலைக்காட்சியில் எளிய நிகழ்ச்சியைப் பார்க்கிறார், துணியில் சிக்கனம் பிடிப்பவர் இசைக்கருவிக்கு அள்ளிக் கொடுக்கிறார். ஒவ்வொருவருக்கும் துறை வாரியாக ஒரு வரி அட்டவணை தயாரித்து, பின்னணியைக் கொண்டு எதிர்பார்த்ததற்குப் பொருந்தாத கட்டங்களை வட்டமிடுங்கள். பிறகு அந்த வட்டங்களைப் பற்றி மட்டும் அவரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்: இது எப்போது தொடங்கியது, யார் அறிமுகப்படுத்தினார், யாரோடு இருக்கும்போது இதைச் செய்வீர்கள், யாரிடம் இதைச் சொல்ல மாட்டீர்கள்? வாழ்க்கைத்துணை, ஓர் ஆசிரியர், வேலை மாற்றம், விடுதி வாழ்க்கை ஆகியவற்றின் தடம் இங்கேதான் கிடைக்கும். சமூகத்தில் ஏறி வந்தவர்களிடம் இந்தக் கேள்விகள் வலியைத் தொடக்கூடும். பதில் சொல்லாமல் விடும் உரிமையை முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பதிவுக் கருவியை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் அது எத்தனை பேரில் கணக்கிடப்பட்டது என்பதை எழுதுங்கள். பெயர்களை நீக்கினால் மட்டும் போதாது. தொழில், வயது, அரிய பொழுதுபோக்கு மூன்றும் சேர்ந்தாலே தெரிந்தவர்கள் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால், மூன்றில் ஒன்றையாவது பொதுமைப்படுத்துங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ‘தரமான’, ‘மலிவான’, ‘நாகரிகமான’ என்ற சொற்களை உங்கள் சொந்த வாக்கியங்களில் தேடி நீக்குங்கள். பதிலளித்தவர் சொன்னதாக இருந்தால் மேற்கோள் குறிக்குள் அவை அப்படியே இருக்கட்டும்.